குந்தவை என்னும் பெயர்: திருமலைக் கல்வெட்டும் சோழர் மணவுறவுகளும்

ஆரணி என்றவுடன் பட்டுத் தறியே பலர் நினைவுக்கு வரும். கல்வெட்டாராய்வார்க்கு அவ்வூரை அடுத்து நினைவுக்கு வருவது திருமலை. ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட நிலத்தில், அடிவாரக் கோயிலும் குகைகளும் பாறையிற் செதுக்கிய நேமிநாதர் பேருருவமும் கொண்டு விளங்கும் சமணக் குன்று அது. செயங்கொண்ட சோழ மண்டலத்துப் பங்களநாட்டு நடுவில்வகை முகைநாட்டு வைகாவூர்த் திருமலை என்று சோழர் கல்வெட்டு அதனைக் குறிக்கும். வைகாவூர் அன்று பள்ளிச்சந்தம். அஃதாவது சமணப் பள்ளிக்கு விடப்பெற்ற ஊர்.

இக்குன்றின் கல்வெட்டுகளை ஹுல்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் வெளியிட்டார். அவற்றுள் முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டே (ஏறக்குறைய கி.பி. 1024-25) பெரும்புகழ் பெற்றது. கங்கைப் படையெடுப்பில் வென்ற நாடுகளும் அரசர்களும் அதில் வரிசைப்பட வருதலின், வங்காள வரலாறு எழுதுவோரும் இம்மலையின் பெயரைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. ஆயினும் மெய்க்கீர்த்தி முடியும் இடத்திலேயே பெரும்பாலோர் கல்வெட்டைப் படித்து முடித்துவிடுகின்றனர். அதன் பின்னர் வரும் சில வரிகளே அக்கல்வெட்டு வெட்டப்பட்டதன் காரணத்தைக் கூறுவன. பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் வாழ்ந்த வணிகன் நன்னப்பயனின் மணவாட்டி சாமுண்டப்பை என்பாள், இங்குள்ள குந்தவை சினாலயத்தில் நந்தாவிளக்கு ஒன்றுக்கு இருபது காசும் திருவமுதுக்குப் பத்துக் காசும் வைத்தாள். கங்கை வரை சென்ற படையின் புகழெல்லாம் அந்த முப்பது காசுக்கு முன்னுரையாகவே நிற்கிறது.

அம்முன்னுரையிலும் நாம் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ‘திருமன்னி வளர’ எனத் தொடங்கும் இம்மெய்க்கீர்த்தி, நிலமகளும் வெற்றிமகளும் புகழ்மகளும் இராசேந்திரனுக்குப் பெருந்தேவியராயினர் என்றுரைத்தே அவன் வென்ற நாடுகளை எண்ணப் புகுகிறது. நாட்டைக் கைக்கொள்ளுதலை மணம் என்று கூறுவது மெய்க்கீர்த்திக்கு இயல்பான வழக்கு. அவ்வழக்குக்குப் பின்னே மெய்யான மணங்களும் மெய்யான பெண்களும் இருந்தனர். அவர்களைப் பற்றி மெய்க்கீர்த்திகள் மிகச் சிலவே பேசும். நிலமகள் யார் என்பது விளங்குகிறது. குந்தவை யார் என்பதே வினா.

அவ்வினா எளியதன்று. இராசேந்திரன் காலத்தில் இப்பெயருடைய அரசகுலப் பெண்டிர் இருவர் இருந்தனர். ஒருவர் அவன் அத்தை: சுந்தரசோழன் மகளும் முதலாம் இராசராசனின் தமக்கையுமாகிய பராந்தகன் குந்தவையார். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு இவரை இராசராசதேவரின் அக்கன் என்றும், வல்லவரையர் வந்தியதேவரின் மாதேவியார் என்றும் இருவகையாலும் சுட்டும். மற்றொருவர் அவன் உடன்பிறந்தாள்: இராசராசன் மகளாய்ப் பிறந்து வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன் விமலாதித்தனை மணந்த இளைய குந்தவை. திருமலைக் கோயில் இவ்விருவருள் யார் பெயரால் எழுந்தது?

இளையவர் பக்கத்திலும் கூறுதற்கு ஒரு செய்தி உண்டு. விசயநகரம் மாவட்டத்து இராமதீர்த்தத்தில் உள்ள கல்வெட்டு, தேசிகணத்தைச் சேர்ந்த திரிகாலயோகி சித்தாந்ததேவர் என்னும் சமண முனிவரை விமலாதித்தனின் குருவாகக் கூறுகிறது. கணவன் சமணம் தழுவியவனாயின், மனைவி பெயரால் சினாலயம் எழுதல் வியப்பன்று என்று வாதிடலாம். எனினும் நாம் மூத்தவரையே கொள்வோம். திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில், பழைய இராசராசபுரத்தில், அவர் இரவிகுலமாணிக்க ஈச்சுரம், குந்தவை விண்ணகர், குந்தவை சினாலயம் என்னும் மூன்று கோயில்களை எடுப்பித்த செய்தியை அவ்வூர்க் கல்வெட்டே கூறுகிறது. சிவன், திருமால், அருகன் ஆகிய மூவர்க்கும் ஒரே ஊரில் கோயிலெடுத்து, ஒன்றுக்குக் குலப்பெயரும் இரண்டுக்குத் தம் பெயரும் இட்டவர் அவர். திருமலைக் கோயிலின் பெயர் தாதாபுரத்துப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது. இளையவர் அக்காலத்தில் கோதாவரிக் கரையில் வாழ்ந்தவர் என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவோடு நின்றால் இஃது ஒரு கோயிலைக் கட்டியவர் யார் என்னும் சிறு ஆராய்ச்சியாக முடியும். ஆனால் ஒரே பெயர் ஓர் அரசகுலத்தில் அத்தைக்கும் மருகிக்கும் அமைந்தமை மேலும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. குந்தவை என்னும் பெயர் சோழர்க்கு எங்கிருந்து வந்தது? விசயாலயன் வழியில் ஆண்களுக்கு ஆதித்தன், பராந்தகன், அரிஞ்சயன், கண்டராதித்தன் எனப் பெயர்கள் அமைந்தன. அவற்றோடு ஒலியாலும் அமைப்பாலும் ஒட்டாத பெயர் இது. இதன் வரலாற்றைத் தேடப் புகுந்தால், தொண்டை மண்டலத்தின் வடபகுதிக்கே, திருமலைக்கு அணித்தான நிலத்துக்கே, நாம் செல்லவேண்டியவராகிறோம்.

வேலூரை அடுத்துள்ள திருவல்லம் வாணர்களின் ஊர். அங்குள்ள ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வாணவித்தியாதரன் என்னும் வாண அரசனின் மாதேவி குந்தவ்வையைக் குறிக்கிறது. அவள் கங்க அரசன் பிருதிவிபதியின் மகள். திருப்புறம்பியப் போரில் பல்லவன் அபராசிதனுக்கு வெற்றி தேடித் தந்து தான் மாண்டவன் என உதயேந்திரச் செப்பேடு புகழும் பிருதிவிபதி இவனே. கங்கர் வாணர்க்கு அண்டை நாட்டார். சில காலம் பகைவர், சில காலம் நட்பினர். அவ்வுறவுக்கு உறுதி தேடிய மணம் இது என்பதில் ஐயமில்லை. சோழர் குலத்துப் பெண் எவருக்கும் இப்பெயர் வழங்கியதாக நாம் அறியும் காலத்துக்கு முன்னரே, கங்கர்குலப் பெண்ணொருத்தியின் பெயராக இது கல்லில் ஏறிவிட்டது.

பெயரின் இறுதியில் நிற்கும் ‘அவ்வை’ தமிழுக்கும் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் பொதுவானது. ஆதலின் அவ்விறுதியொன்றே கொண்டு இது கன்னடப் பெயர் என்று துணிதல் பொருந்தாது. ஆயினும் திருமலையிலேயே, இராசேந்திரனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், பல்லவரசரின் தேவியார் சிண்ணவையார் வைத்த விளக்கொன்று கூறப்படுகிறது. மேலே கண்ட சாமுண்டப்பையையும் அவள் கணவன் நன்னப்பயனையும் இதனோடு சேர்த்து நோக்குக. இவை காவிரிக் கரையில் மிகுதியாக வழங்கிய பெயர்கள் அல்ல. பாலாற்றுக்கு இருமருங்கும் கங்கரும் வாணரும் இராட்டிரகூடரும் வேங்கியரும் கலந்து வாழ்ந்த எல்லைப்புறத்தின் பெயர்கள்.

சோழர் மரபில் இப்பெயர் முதன்முதல் தோன்றுவது, முதற் பராந்தகன் மகனாகிய அரிஞ்சயனின் தேவியருள் ஒருவரிடத்தில். கல்வெட்டு அவரை வீமன் குந்தவையார் என்கிறது. ‘வீமன்’ என்பது தந்தை பெயர். அத்தந்தை 934 முதல் 945 வரை வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியன் இரண்டாம் வீமனே என்று கருதுவாரும் உளர். காலம் பொருந்துகிறது. பெயரைத் தவிர வேறு சான்று அதற்கில்லை என்பதையும் கூறிவிடுதல் முறை. எவ்வாறாயினும் அவர் சோழர்குலத்திற் பிறந்தவர் அல்லர், மணத்தால் வந்தவர். குந்தவை என்னும் பெயரைச் சோழர் அரண்மனைக்குள் கொணர்ந்தவர் ஒரு மருமகளே. அரிஞ்சயன் மகன் சுந்தரசோழன் தன் மகளுக்குக் குந்தவை என்று பெயரிட்டான். அவனைப் பெற்ற தாய் வைதும்பர் குலத்துக் கலியாணி. ஆயினும் தன் தந்தையின் மற்றொரு தேவியின் பெயரையே மகளுக்கு இட்டான்.

தமிழில் பேரனையும் பேத்தியையும் குறிக்கும் சொற்களின் முதல் வடிவம் பெயரன், பெயர்த்தி என்பன. பாட்டன் பாட்டியரின் பெயரை உடையவர் என்பதே அவற்றின் பொருள். கலித்தொகை மருதப் பாட்டில் தாயொருத்தி தன் புதல்வனைத் தன் தந்தையின் பெயரன் எனச் சுட்டும் இடத்தை நம் மாணவர் அறிவர். தந்தைவழிப் பாட்டன் பெயரே மகனுக்கு வரும் என்று எண்ணுவார்க்கு அப்பாட்டு நல்ல விடை. தாய் தன் பிறந்தகத்தின் பெயரைப் புகுந்தகத்தில் நிலைநாட்டுதல் நம் நாட்டில் நெடுங்கால வழக்கு. பெண்ணுக்கு நிலவுரிமையும் அரசுரிமையும் இல்லாத விடத்தும் இப்பெயருரிமை இருந்தது. மணவுறவுகளின் வரலாற்றை எழுதுவோர் இதனைச் சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்பதே நம் கருத்து.

வேங்கி மணத்தை இவ்வொளியில் காண்போம். சடாசோட வீமன் வேங்கியைக் கைப்பற்றிய காலத்தில், தானார்ணவனின் மக்களாகிய சத்திவர்மனும் விமலாதித்தனும் சோழரிடம் அடைக்கலம் புகுந்தனர். இராசராசன் படைகொண்டு சத்திவர்மனை வேங்கி அரியணையில் அமர்த்தினான். விமலாதித்தனுக்குத் தன் மகளை மணமுடித்தான். அடைக்கலம் வந்தவனை மருகனாக்கிய அரசியல் சூழ்ச்சி என்று வரலாற்று நூல்கள் இதனை ஒரே தொடரில் முடிக்கும். ‘மகளைக் கொடுத்தான்’ என்பது அத்தொடரின் வினை. கொடுக்கப்பட்ட பெண் எதனைக் கொண்டு சென்றாள் என்பதை அத்தொடர் கேட்பதில்லை.

விமலாதித்தனுக்கு மக்கள் இருவர். குந்தவை வயிற்றுப் பிறந்தவன் இராசராசன். வேறொரு தேவி வயிற்றுப் பிறந்தவன் விசயாதித்தன். கீழைச் சாளுக்கியர் மரபில் விட்டுணுவர்த்தனன், விசயாதித்தன் என்னும் இரு பெயர்கள் நானூறு ஆண்டுகளாக மாறி மாறி வந்தன. அம்மரபுக்கு ஒத்த பெயர் இரண்டாவது மகனுக்கு அமைந்தது. குந்தவையின் மகனோ தாயின் தந்தை பெயரைப் பெற்றான். உடன்பிறந்தார் இருவரின் பெயர்களைப் பார்த்த அளவிலேயே பின்னர் வந்த போரின் இரு பக்கங்களும் புலப்படும். இராசராச நரேந்திரன் 1022இல் முடிசூடியது சோழர் துணையால். விசயாதித்தன் அவனை எதிர்த்தது மேலைச் சாளுக்கியர் துணையால். இராசராச நரேந்திரன் தன் மாமன் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். அவர்களுக்குப் பிறந்த மகனின் இளமைப் பெயர் இராசேந்திரன். அவனும் தாயின் தந்தைக்குப் பெயரனே. பின்னர்ச் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் இவன். அவனும் மாமன் மகளை மணந்தான்: இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகி அவன் தேவியானாள். மூன்று தலைமுறையாகத் தொடர்ந்த மணம் இது.

இங்கு ஒரு மறுப்பு எழும். அது வலிய மறுப்பே. பேரரசன் பெயரைச் சிற்றரசர் தாமாகவே சூடிக்கொள்வது அக்கால வழக்கன்றோ? இராசராச நரேந்திரன் என்பதும் அவ்வாறு வந்ததாகாதோ? இதற்குத் திருமலையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சேரர்வழி எழினி இங்கு வைத்த இயக்கன் இயக்கி உருவங்களைப் பிற்காலத்தில் புதுப்பித்த தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள், தன் தந்தை பெயரை இராசராசன் என்றே கூறுகிறான். அதியர்க்கு அப்பெயர் மணத்தால் வந்ததன்று. அடங்கி நின்றமையால் வந்தது. ஆகவே ஆண்பெயர் ஒன்று உறவைக் காட்டுகிறதா, பணிவைக் காட்டுகிறதா என்று வேறு சான்றின்றித் துணிய இயலாது. இவ்வளவும் நாம் உடன்படுவோம்.

ஆனால் பெண்பெயருக்கு இம்மறுப்புச் செல்லாது. பேரரசனின் தமக்கை பெயரையோ மகள் பெயரையோ தன் மகளுக்கு இட்டு எந்தச் சிற்றரசனும் பணிவு காட்டுவதில்லை. அப்பெயருக்குப் போர்க்களத்தில் மதிப்பில்லை. விருதாகச் சூடவும் பயனில்லை. அது செல்லும் வழி ஒன்றே: தாயிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ அத்தையிடமிருந்தோ வீட்டுக்குள்ளேயே செல்லும். எனவே இராசராசன், இராசேந்திரன் என்னும் பெரும்பெயர்களைக் காட்டிலும் குந்தவை என்னும் சிறுபெயரே மணவுறவுக்கு உறுதியான சான்று.

வேங்கிக்குச் சென்ற குந்தவையின் மகனுக்கு ஒரு மகளும் பிறந்தாள். அவள் பெயரும் குந்தவை. பாட்டியின் பெயரைத் தாங்கிய இவள் சொல்லின் முழுப்பொருளில் பெயர்த்தி. கங்கர் மகளாய்த் திருவல்லத்தில் கண்ட பெயர், ஒரு மருமகளோடு சோழர் மனைபுகுந்து, மகளொருத்தியோடு வேங்கிக்குச் சென்று, அங்கே பேத்தியொருத்திக்கு ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டில் அது வேங்கியிலிருந்தே வந்தது என்னும் கருத்து மெய்யாயின், சென்ற பெயர் தன் பிறந்தகத்துக்கே மீண்டதாகும். அவ்வழகுக்காகவே அக்கருத்தை நம்பிவிடுதல் கூடாது.

மணவுறவு அமைதியைத் தரும் என்பது பொதுவான எண்ணம். வரலாறு அதனை ஏற்பதில்லை. முதற் பராந்தகன் தன் மகள் வீரமாதேவியை இராட்டிரகூடன் நான்காம் கோவிந்தனுக்கு மணமுடித்தான். கோவிந்தன் நாடிழந்தபோது அவன் பக்கம் சோழர் நிற்க, அவனை வென்றவர் மரபு சோழர்க்குப் பகையாயிற்று. மறுபக்கத்தில் மூன்றாம் கிருட்டிணனின் உடன்பிறந்தாள் இரேவகை கங்கன் பூதுகனை மணந்திருந்தாள். 949இல் தக்கோலத்தில் பராந்தகன் மகன் இராசாதித்தனை யானைமேல் வைத்துக் கொன்றவன் இந்தப் பூதுகனே. இரு மருகர்களின் வழக்கைத் தொண்டை நாட்டு மண்ணில் தீர்த்துக்கொண்ட போர் அது என்று கூறினும் மிகையாகாது. அப்போரின் பயனாகத் திருமலையும் இராட்டிரகூடர் கைக்கு மாறியது. கன்னரதேவன் எனப்பட்ட மூன்றாம் கிருட்டிணனின் 19ஆம் ஆட்சியாண்டில், அவன் தேவி கங்கமாதேவியின் பணியாள் ஒருவர் இம்மலை இயக்கனுக்கு விளக்கு வைத்த செய்தி இங்குக் கல்லில் உள்ளது. அத்தேவியின் பெயரும் பிறந்த குலத்தாலேயே அமைந்திருத்தல் காண்க. ஆண்ட மன்னர் மாறினும் விளக்கு வைத்த பெண்டிர் வரிசை இம்மலையில் அறுபடவில்லை.

வீரராசேந்திரன் மறைந்த 1070ஆம் ஆண்டு இதனினும் தெளிவான சான்று. அவன் மகளை மணந்தவன் மேலைச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன். அவன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து தன் மைத்துனன் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்திச் சென்றதைப் பில்கணர் பாடியுள்ளார். அதிராசேந்திரன் ஆட்சி நெடிது நிற்கவில்லை. அவனுக்குப் பின் அரியணை ஏறியவன் சோழர் மகளின் மகனும், சோழர் மகளின் பேரனும், சோழர் மகளை மணந்தவனுமாகிய குலோத்துங்கன். சோழர் மகளிரை மணந்த இருவருள் ஒருவன் மைத்துனனுக்காக வந்தான். மற்றொருவன் தனக்காகவே வந்தான். ஆண்வழி உரிமையே பேசிய ஒரு மரபில், ஏறத்தாழ இருநூறாண்டு நிலைத்த நேர்வழி முடிந்து பெண்வழி தொடங்கியது.

அம்மாற்றத்தைத் தமிழ்ப்புலவர் எவ்வாறு நேர்செய்தனர் என்பது சுவையானது. கலிங்கத்துப்பரணியின் அவதாரப் பகுதியில் செயங்கொண்டார், கங்கைகொண்ட சோழனின் தேவி மகள்வயிற்றுப் பிறந்த குழந்தையைக் கையிலேந்தி, அவன் அங்க அடையாளங்களைக் கண்டு, இரவிகுலம் காக்க இவனே நமக்கு மகனாதல் தகும் என்று எண்ணியதாகப் பாடுகிறார். உரிமையை வழங்குபவள் பாட்டி. அரசனும் அமைச்சரும் அவ்விடத்தில் பேசவில்லை. தெலுங்கு நாட்டுச் செப்பேடுகளோ புனைந்துரை இல்லாமலே இதனைச் சொல்லும். குலோத்துங்கன் மகன் வீரசோடனின் செல்லூர்ச் செப்பேட்டில் இராசராசன் மகள் குந்தவை, இராசேந்திரன் மகள் அம்மங்கை, இராசேந்திரதேவன் மகள் மதுராந்தகி என மூவரும் பெயரோடும் தந்தை பெயரோடும் வருகின்றனர். அவர்களை நீக்கினால் அவ்வழிமுறையில் சோழர்க்கும் வீரசோடனுக்கும் தொடர்பே இராது.

இத்தகைய செய்தி நம் நாட்டுக்கே உரியதன்று. அயர்லாந்துத் தீவில் லெய்ன்ஸ்டர் நாட்டரசன் டெர்மட் மாக்மரோ 1166இல் நாடிழந்து, ஆங்கில மன்னன் இரண்டாம் என்றியிடம் துணை தேடிச் சென்றான். துணைக்கு வந்த நார்மானியத் தலைவன் ரிச்சர்டு டி கிளேர், ஸ்ட்ராங்போ எனப் பின்னாளில் வழங்கப்பட்டவன். அவனுக்குத் தன் மகள் ஈஃபாவையும் தனக்குப் பின் நாட்டையும் டெர்மட் வாக்களித்தான். 1170இல் வாட்டர்போர்டு நகரம் வீழ்ந்தவுடன் அங்கேயே மணம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டில் டெர்மட் இறந்தான். அயர்லாந்து வழக்கப்படி அரசுரிமை ஆண்வழிச் சுற்றத்தாருள் தக்கவனுக்கே உரியது. மகள் வழியாகச் செல்லாது. நார்மானியர் வழக்கில் ஆண்மக்கள் இல்லாதவிடத்து மகள் வழியாகவும் செல்லும். ஒரே மணத்தை இரு சாராரும் இரு சட்டத்தால் படித்தனர். அயர்லாந்தார்க்கு நட்பாகத் தோன்றியது நார்மானியர்க்கு உரிமை ஆவணம் ஆயிற்று. 1854இல் மக்ளீஸ் இம்மணத்தைப் பேரோவியமாகத் தீட்டினார். பிணங்கள் நடுவே தலை குனிந்து நிற்கும் மணமகளே அங்கு உலகம் அறிந்த ஈஃபா.

ஓவியத்துக்குப் பிந்திய கதையை அறிவார் குறைவு. ஈஃபாவின் மகள் இசபெல் 1189இல் வில்லியம் மார்சலை மணந்தாள். லெய்ன்ஸ்டர் அவள் வழியாகவே அவனுக்குச் சென்றது. இசபெலின் மகளிருள் ஒருத்திக்கு ஈவா என்று பெயர். ஈஃபா என்னும் அயர்லாந்துப் பெயரை இலத்தீன் எழுத்தர் ஈவா என்றே எழுதினர். ஆக, பாட்டியின் பெயர் பேத்திக்கு வந்தது. வேங்கியில் நிகழ்ந்ததே அங்கும் நிகழ்ந்தது. இரண்டிலும் ஒரு தலைமுறை இடைவிட்டே பெயர் மீண்டது. அங்கும் கோயிலெடுத்த பெண்ணொருத்தி உண்டு: மான் தீவு மன்னன் மகளும் நார்மானியத் தலைவன் ஜான் டி கூர்சியின் மனைவியுமாகிய அஃப்ரெக்கா 1193இல் கிரே மடத்தை நிறுவினாள். வேற்றுமையும் பெரிது. ஈஃபா பிறந்த குலம் அவள் மணத்தால் நிலம் இழந்தது. குந்தவை பிறந்த குலமோ அவள் மணத்தால் மேலும் இரு நூற்றாண்டு அரசாண்டது. அயர்லாந்தில் வந்தேறியவன் மருகனானான். இங்கே அடைக்கலம் புகுந்தவன் மருகனானான். ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் பயனில்லை.

திருமலைக்கு மீள்வோம். இம்மலைக் கல்வெட்டுகளில் பெண்டிர் சுட்டப்பெறும் முறையை ஒருசேர நோக்குதல் நன்று. சாமுண்டப்பை கணவன் பெயரால் அறியப்படுகிறாள். மணவாட்டி என்பதே அவளுக்குரிய சொல். சிண்ணவையார் பல்லவரசரின் தேவியார். அவ்வரசரின் இயற்பெயர் தரப்படாமல் தேவியின் பெயர் மட்டும் தரப்படுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் இராசநாராயணச் சம்புவராயனின் 12ஆம் ஆட்சியாண்டில், பொன்னெயில்நாதர் என்னும் அருகன் உருவத்தை எழுந்தருளுவித்தவள் பொன்னூர் மண்ணைப் பொன்னாண்டை மகள் நல்லாத்தாள். அவள் தந்தையால் அறியப்படுகிறாள். மகள், மணவாட்டி, தேவி என்னும் மூன்று நிலைகளும் இங்குள. இவர்கள் அனைவரும் தம் பெயரைத் தாமே உடையவர்கள். இன்னாரின் மனைவி என்று மட்டும் கூறிப் பெயரை விடுத்த கொடை எதுவும் நாம் மேலே எடுத்துக்கொண்டவற்றுள் இல்லை.

பராந்தகன் குந்தவையாரோ இம்மூவகையிலும் அடங்காதவர். மணமாகி வல்லவரையர் மாதேவியான பின்னரும் அவர் பெயருக்கு முன் நிற்பது தந்தை பெயரே. தஞ்சையில் அவர் வைத்த செப்புத் திருமேனிகளுள் ஒன்று பொன்மாளிகைத் துஞ்சிய தேவராகிய தம் தந்தையின் உருவம். மற்றொன்றைக் கல்வெட்டு ‘தம்மை’ என்கிறது. அது தம் தாயைக் குறிக்குமா, தம்மையே குறிக்குமா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கணவருக்கு அங்கே உருவம் எடுத்ததாகக் காணோம். வல்லவரையரைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. அவர் வாணர் மரபினர் என்பாரும், வல்லவரையன் என்னும் பெயர் இராட்டிரகூடர்க்கும் வழங்கியமையால் அவர் அம்மரபினர் என்பாரும் உளர். எம்மரபினராயினும் தொண்டை நாட்டு வடபகுதியோடு அவர்க்குத் தொடர்பு இருந்திருக்குமாயின், காவிரி நாட்டு அரசியொருவரின் பெயர் இத்துணை வடக்கே ஒரு குன்றில் நிற்பதற்குக் காரணம் கிடைக்கும். புதினங்கள் வந்தியத்தேவனுக்கு அளித்த புகழில் ஒரு சிறு பங்கையேனும் கல்வெட்டுகள் அவருக்கு அளித்திருப்பின் இவ்வாராய்ச்சி எளிதாகியிருக்கும்.

மூன்றாம் குந்தவைக்குத் திருமலையில் கல்வெட்டில்லை. அவர் தில்லைக்கு வந்தவர். குலோத்துங்கனின் 44ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1114இல், சிற்றம்பலக் கூத்தனுக்கு அவர் அளித்த பொற்கொடைகளைக் கூறும் தில்லைக் கல்வெட்டு, அவரைக் குலோத்துங்க சோழனின் திருத்தங்கை இராசராசன் குந்தவை ஆழ்வார் என்கிறது. சோழ நாட்டில் அக்கல்லைப் படிப்பவர் இராசராசன் என்றவுடன் தஞ்சைப் பெருமன்னனையே எண்ணுவர். அது வேங்கி நாட்டு இராசராச நரேந்திரன் பெயர். மகளுக்குப் பாட்டியின் பெயரும், தந்தைக்குப் பாட்டன் பெயரும், இரண்டும் இளைய குந்தவை வழியாக வந்தவை.